மாற்ற அறிக்கை: மெய்யும் மயக்கமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. கணிப்பொறி வந்துவிட்ட பிறகு இந்தப் பழமொழிக்கு வேலை இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கணிப்பொறிக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை; அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம் நம்பிக்கை. ஆனால், பலர் ஒன்றுகூடி ஒரே வேலையைச் செய்ய உதவும் மென்பொருள்கள் தரும் "மாற்ற அறிக்கை"யைப் பார்க்கும்போது இந்தப் பழமொழி முன்பைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது எனலாம். அந்த அறிக்கை எவ்வாறு உண்டாகிறது, எங்கே நம்மை மயக்குகிறது, மயங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை என்னால் இயன்ற அளவில் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

பல கைகள் எழுதும் ஒரு நூல்

அக்காலத்தில் ஒரு நூலை ஒருவர் எழுதினார். இன்று ஒரே கட்டுரையைக் கடலூரில் ஒருத்தியும், சிதம்பரத்தில் ஒருத்தியும், கடல் கடந்த ஊரில் இன்னொருத்தியும் ஒரே நேரத்தில் திருத்த முடிகிறது. 2001-ஆம் ஆண்டு தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் அப்படித்தான் வளர்கிறது. அதன் தமிழ்ப் பதிப்பு 2003-இல் தொடங்கியது. லினக்ஸ் என்னும் மென்பொருளை உருவாக்கும் ஆயிரக்கணக்கானோரின் வேலையைக் கோத்து வைப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-இல் "கிட்" என்ற கருவியை அமைத்தார். நம் பள்ளிகளில் குழுவாகச் செயல்திட்டம் எழுதும்போது பயன்படும் கூகுள் டாக்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பலர் கை வைக்கும் இடத்தில், யார் எதை மாற்றினார் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகவே இம்மென்பொருள்கள் ஒவ்வொரு பழைய படியையும் சேமித்து வைக்கின்றன. பழைய படிக்கும் புதிய படிக்கும் உள்ள வேறுபாட்டை, நீக்கியது ஒரு நிறத்திலும் சேர்த்தது வேறு நிறத்திலுமாகக் காட்டுகின்றன. பக்கத்தில் ஒரு பெயரும் நேரமும் இருக்கும். இதுவே மாற்ற அறிக்கை. பார்ப்பதற்கு நீதிமன்றத்தில் வைத்த சாட்சி போலவே இருக்கும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

அறிக்கை எவ்வாறு பிறக்கிறது?

இரு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கூறும் "டிஃப்" என்னும் நிரல், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹன்ட் ஆகிய இருவரும் அதன் வழிமுறையை 1976-இல் ஓர் ஆய்வுரையாக வெளியிட்டனர். இன்றுள்ள பல ஒப்பீட்டு நிரல்களுக்கு அதுவே முன்னோடி.

அது செய்யும் வேலையை நம் ஊர் ரயில் பாதையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என ஆறு நிலையங்களை வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு தோழி "கிள்ளை" என்ற வரியை எடுத்துப் பரங்கிப்பேட்டைக்கு முன்னால் வைத்துவிடுகிறாள். இப்போது இரு பட்டியல்களையும் நிரலிடம் கொடுத்தால், இரண்டிலும் அதே வரிசையில் வரும் மிக நீண்ட தொடர் எது என்று அது தேடும். ஐந்து பெயர்கள் அவ்வாறு பொருந்தும். எஞ்சிய ஒன்றை "இங்கே நீக்கப்பட்டது, அங்கே சேர்க்கப்பட்டது" என்று கூறும்.

அந்த எஞ்சிய ஒன்று எது? கிள்ளையாகவும் இருக்கலாம், பரங்கிப்பேட்டையாகவும் இருக்கலாம்! கிள்ளையை மேலே ஏற்றினாலும், பரங்கிப்பேட்டையைக் கீழே இறக்கினாலும் முடிவு ஒன்றுதான். ஆகவே தோழி தொடவே தொடாத பரங்கிப்பேட்டையை அவள் நீக்கிச் சேர்த்ததாக அறிக்கை கூறினால், கணக்குப்படி அதில் தவறில்லை. இன்னும் ஒன்று பாருங்கள். திரும்பி வரும் ரயிலுக்காக அதே ஆறு பெயர்களையும் தலைகீழாக அடுக்கினால், பொருந்தும் தொடரில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும். "ஐந்து வரிகள் நீக்கம், ஐந்து வரிகள் சேர்ப்பு" என்று அறிக்கை வரும். உண்மையில் ஒரு பெயரும் போகவில்லை, ஒரு பெயரும் வரவில்லை. மதிப்பெண் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினாலும் இதே கதிதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நிரல் யாருடைய கையையும் பார்க்கவில்லை. அதன் முன் இருப்பவை இரண்டு படிகள் மட்டுமே. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக இப்படியும் ஒரு வழி உண்டு என்று அது கணக்கிட்டுச் சொல்கிறது. நடந்தது அதுதான் என்று அது சாட்சி சொல்வதில்லை. மற்ற மயக்கங்களையும் விளங்கிக்கொள்ள இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

சில நேரங்களில் ஒரு கோப்பின் எல்லா வரிகளும் மாறிவிட்டதாக அறிக்கை வரும். இரண்டையும் அச்செடுத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் ஒரு வேறுபாடும் தெரியாது. இதற்குக் காரணம் நம் பெற்றோர் பழகிய டைப்ரைட்டரில் இருக்கிறது.

டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நடைபெற வேண்டும். காகிதத்தைத் தாங்கிய கேரேஜ் வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி மேலே ஏற வேண்டும். ஒரே நெம்புகோல் இரண்டையும் செய்துவிடும். பின்னர் வந்த தொலையச்சுக் கருவிகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் தரப்பட்டன. கணிப்பொறி அந்த வழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. விண்டோஸ் கணிப்பொறியில் வரி முடிவுக்கு இவ்விரு குறிகளையும் சேர்த்து எழுதுவது வழக்கம். லினக்ஸ் கணிப்பொறியில் இரண்டாவது குறி மட்டும் போதும். ஒரு கணிப்பொறியில் எழுதிய கோப்பை மற்றதில் திறந்து சேமிக்கும்போது, சில மென்பொருள்கள் ஒவ்வொரு வரியின் முடிவையும் தம் வழக்கத்துக்கு மாற்றிவிடும். நம் கண்ணுக்கு அக்குறி தெரியாது, நிரலுக்குத் தெரியும். ஆயிரம் வரிக் கோப்பில் ஒரே ஒரு கால்புள்ளியைத் திருத்திய பெண், ஆயிரம் வரிகளையும் மாற்றியவளாக அறிக்கையில் நிற்பாள்.

வரியின் இறுதியில் தங்கிவிட்ட வெற்றிடம், பத்தியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி ஆகியவையும் இத்தகையனவே.

தமிழுக்கே உரிய சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதுவோர் அதிகம் அறியாத ஒரு சிக்கல் தமிழில் எழுதும் நமக்கு உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991-இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஆனால் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரு விதமாகச் சேமிக்க முடியும். "கொள்ளிடம்" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ஒரு தோழி ஒரு விசைப்பலகை நிரலிலும் இன்னொரு தோழி வேறொன்றிலும் தட்டச்சு செய்தால், மாறாத சொல் மாறியதாக அறிக்கை வரக்கூடும். கொள்ளிடத்தைத் தேடினால் கொள்ளிடம் கிடைக்காமலும் போகும்!

நம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீமுஷ்ணமும் இவ்வாறே. அதன் முதல் எழுத்து தொடக்கத்தில் ஸகரத்தைக் கொண்டே எழுதப்பட்டு வந்தது. 2005-ஆம் ஆண்டு யூனிகோடில் ஶகரம் என்ற தனி எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் அம்முதல் எழுத்தை ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். இவை போதாவென்று, ஔகாரக் குறியின் இரண்டாம் பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டுவோரும் உண்டு. "கௌரி", "கெளரி" என்ற இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டாவதில் உள்ளது உண்மையில் ளகர எழுத்து.

இவற்றுக்கு மருந்து உண்டு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளின் இரு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோடு விதியே கூறுகிறது. அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறைக்கு "இயல்பாக்கம்" என்று பெயர் சொல்லலாம். விக்கிப்பீடியாவின் மென்பொருள் சேமிக்கும்போதே இதைச் செய்துவிடுகிறது. ஆனால் ளகரத்தைத் தட்டியிருந்தாலும், ஸகர ஶகர வேறுபாடு இருந்தாலும் இயல்பாக்கம் அதைச் சரி செய்யாது. அவற்றை மனிதர்தாம் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவம் மாறியது. நம் தாத்தா, பாட்டி படித்த நூல்களில் அதைக் காணலாம். யூனிகோடில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண்கள் ஒன்றே. தோற்றத்தை மாற்றுவது எழுத்துரு மட்டுமே. ஆகவே பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றினால், பக்கம் முழுவதும் வேறாகத் தெரியும்; எழுத்துகளை ஒப்பிடும் நிரலோ "மாற்றம் ஏதுமில்லை" என்று கூறும். கண் ஒன்றைப் பார்க்கிறது, கணிப்பொறி வேறொன்றைப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமோ?

ஏட்டுச் சுவடியிலும் இதே கதை

படிகளை ஒப்பிடும் வேலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. "தமிழ்த் தாத்தா" டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார் என்பது நமக்குப் பெருமை. அதற்கு முன்பே அவர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்திருந்தார். ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடிக் கொணர்ந்து, வரிவரியாக ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பாகத் தந்தார். அதற்கு "பிரதி பேதம்" என்று பெயர். அந்நாளைய மாற்ற அறிக்கை அதுவே!

சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே ஏட்டில் ஒரே வடிவாக இருப்பதை ஒருவர் "கொ" என்று படிக்கலாம், இன்னொருவர் "கோ" என்றோ "கெர" என்றோ படிக்கலாம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்து வடிவில் தெளிவாக்கியவர் என்று போற்றப்படுபவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றுத் தமிழுக்கே உழைத்த வீரமாமுனிவர் (1680–1747).

பதிப்பாசிரியர் ஒரு வேறுபாட்டைக் கண்டதும், "இது எழுதும் முறையால் வந்த வேறுபாடா, புலவர் சொன்ன சொல்லிலேயே உள்ள வேறுபாடா?" என்று கேட்க வேண்டியிருந்தது. மாற்ற அறிக்கையைப் படிக்கும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

நிலப்படத்தில் ஒரு பெட்டி

எழுத்தில் மட்டும்தான் இந்த மயக்கம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக நிலப்படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒருவர் ஒரே தடவையில் சேமித்த திருத்தங்கள் அனைத்தையும் ஒரு கட்டாக வைத்து, அவை எல்லாம் அடங்கும் ஒரு நீள்சதுரத்தைப் படத்தின் மீது வரைந்து காட்டுவது அதன் வழக்கம்.

இப்போது ஒருவர் கடலூர் துறைமுகத்தின் அருகே ஒரு கடையின் பெயரைத் திருத்தி, சிதம்பரத்தில் ஒரு தெருவின் பெயரையும் திருத்தி, இரண்டையும் ஒன்றாகச் சேமிக்கிறார் என்று கொள்வோம். நீள்சதுரம் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நீளும். இடையிலுள்ள புதுச்சத்திரமும், கடற்கரை ஓர ஊர்களும், வயல்களும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். பார்ப்பவருக்குப் பாதி மாவட்டத்தையே மாற்றிவிட்டார் போலத் தோன்றும். உண்மையில் மாறியவை இரண்டே பெயர்கள். பெட்டியின் பரப்பைப் பார்த்து மாற்றத்தின் அளவை மதிப்பிடுவது சரியாகாது.

பெயரும் நேரமும்

மாற்றம் எது என்பதில் வரும் மயக்கத்தைவிட, மாற்றியவர் யார் என்பதில் வரும் மயக்கம் மனத்தைப் புண்படுத்தக் கூடியது. "கிட்" கருவியில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் கட்டளைக்கு "பிளேம்" என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்குப் பழி கூறுதல் என்று பொருள்! அதற்கு மூத்ததான "சப்வெர்ஷன்" என்னும் கருவியில் இதே கட்டளைக்குப் "புகழ்ச்சி" என்று பொருள்படும் "பிரெய்ஸ்" என்ற மறுபெயரும் உண்டு. இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். பழியா புகழா என்பது கேட்பவர் மனத்தில் இருக்கிறது.

அந்தக் கட்டளை காட்டுவது கடைசியாகத் தொட்டவரை மட்டுமே. பத்தியின் தொடக்க இடைவெளிகளை ஒழுங்கு செய்த பெண்ணின் பெயர், அவள் எழுதாத வரிகள் அனைத்திலும் ஏறிவிடும். "கிட்" கருவியில் எழுதியவர் பெயர் வேறு, அதைப் பதிவில் ஏற்றியவர் பெயர் வேறு என்று இரண்டு உண்டு. எல்லோருடைய நோட்டையும் வாங்கி ஆசிரியையிடம் சேர்க்கும் வகுப்புத் தலைவியை, எல்லா நோட்டையும் எழுதியவள் என்று யாராவது கூறுவார்களா? ஆய்வகத்தில் ஒருத்தி வெளியேறாமல் விட்டுச் சென்ற கணக்கிலேயே அடுத்தவள் உட்கார்ந்து எழுதினால், முதலாமவளின் பெயரே பதியும்.

நேரமும் அப்படியே. சில மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஐந்தாம் தேதி விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வேலை செய்த மாணவியின் திருத்தம், நான்காம் தேதி இரவு 10.30 மணிக்குச் செய்ததாகத் தோன்றும். "நேற்றிரவு தொடவே இல்லை என்றாயே!" என்று அவளைக் கடிந்துகொள்வது எவ்வளவு அநியாயம்!

எங்கள் வகுப்பில் கண்டது

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஐந்து மாணவியர் கொண்ட ஒரு குழு, கடலூர் மாவட்டம் கண்ட இயற்கைச் சீற்றங்களைப் பற்றிக் கூகுள் டாக்ஸில் ஒரு கட்டுரை தயாரித்தது. 26.12.2004 ஆழிப்பேரலை, 30.12.2011 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015-ஆம் ஆண்டு வெள்ளம் என்று பகுதிகளைப் பிரித்துக்கொண்டனர். அக்குழுவில் நான் இல்லை. அடுத்த பெஞ்சில் இருந்து பார்த்தவள்.

அவர்களுள் ஒருத்தி, எழுத்துப் பிழை பார்ப்பதற்காகக் கட்டுரை முழுவதையும் படியெடுத்து வேறொரு மென்பொருளில் போட்டுத் திருத்தினாள். பிறகு முழுவதையும் அப்படியே பழைய இடத்தில் ஒட்டினாள். மறுநாள் மற்றவர்கள் பதிப்பு வரலாற்றைத் திறந்தனர். தாங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அடிக்கப்பட்டு, அதன் கீழ் எல்லாமே அவள் பெயருக்கு உரிய நிறத்தில் இருக்கக் கண்டனர். "நாங்கள் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டுத் தான் எழுதியதாகக் காட்டிக்கொண்டாள்" என்று பேச்சு எழுந்தது. உடனே ஒருத்தி பழைய படியை மீட்டுவிட்டாள். அதனால் அன்று காலை வேறொருத்தி சேர்த்திருந்த நான்கு பத்திகளும் கட்டுரையிலிருந்து மறைந்தன. பிழை பார்த்த பெண்ணோடு இரண்டு நாள்கள் யாரும் பேசவில்லை. மதிய உணவைத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் எங்கள் கணிப்பொறி ஆசிரியை, ஒட்டுவதற்கு முன் இருந்த படியையும் ஒட்டிய பின் இருந்த படியையும் அச்செடுத்து, இரு மாணவியரிடம் கொடுத்து மாறிமாறிச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மொத்தம் ஆறு சொற்களே மாறியிருந்தன. ஆறும் எழுத்துப் பிழைத் திருத்தங்கள். வரலாற்றிலிருந்து நான்கு பத்திகளும் மீட்கப்பட்டன. "அறிக்கையைப் பார்த்த நீங்கள் அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று ஆசிரியை கேட்டார். வகுப்பில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

அறிக்கையில் ஐயம் எழும்போது கீழ்க்கண்ட வரிசையில் ஆராய்ந்தால் பெரும்பாலும் உண்மை விளங்கிவிடும்.

1. எதை எதோடு ஒப்பிட்டது என்று முதலில் பாருங்கள். நேற்றைய படியோடு ஒப்பிடுவதாக எண்ணிச் சென்ற மாதப் படியோடு ஒப்பிட்டால், எல்லோருடைய மாற்றங்களும் கடைசியாக எழுதியவள் தலையில் விழும்.

2. கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத குறிகளையே முதலில் சந்தேகியுங்கள். வெற்றிடத்தையும் வரி முடிவையும் புறக்கணித்து ஒப்பிடும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதை இட்டதும் ஆயிரம் வரி ஒரு வரியாகச் சுருங்கினால் காரணம் விளங்கிவிட்டது.

3. ஒரே சொல் நீக்கத்திலும் சேர்ப்பிலும் அச்சாக ஒன்று போலவே நின்றால், தமிழ்க் குறியீட்டு வேறுபாடா என்று பாருங்கள். அந்தச் சொல்லை ஒரு படியிலிருந்து எடுத்து மற்றொரு படியில் தேடுங்கள். அகப்படாவிட்டால் ஐயம் பெரிதும் உறுதியாகும்.

4. நீக்கிய வரிகளும் சேர்த்த வரிகளும் எண்ணிக்கையில் ஒத்திருந்தால், இடம் மாற்றியதோ வரிசைப்படுத்தியதோ ஆகலாம். இரு படிகளையும் அகர வரிசையில் அடுக்கி மீண்டும் ஒப்பிடுங்கள்.

5. பெயரையும் நேரத்தையும் ஐயத்தோடு பாருங்கள். யாருடைய கணக்கு, எந்த நாட்டு நேரம், எழுதியவரா ஏற்றியவரா என்று கேளுங்கள்.

6. இவற்றுக்குப் பிறகு உரியவரிடம் நேரில் கேளுங்கள். அதுவரை பழைய படியை மீட்க வேண்டாம்.

வருமுன் காப்பது இன்னும் நல்லது. குழுவினர் அனைவரும் ஒரே விசைப்பலகை முறையை வைத்துக்கொள்ளலாம். கருத்தைத் திருத்துவதையும் அழகு படுத்துவதையும் தனித்தனியே சேமிக்கலாம். ஒவ்வொரு முறையும் "எழுத்துப் பிழை திருத்தம்" என்பது போல ஒரு சிறு குறிப்பு எழுதலாம். தன் கணக்கிலேயே வேலை செய்து, முடிந்ததும் வெளியேறிவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய அறிக்கை பொய்யாகலாம் என்பதால் சிறிய அறிக்கை எல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆழிப்பேரலை வந்த 2004-ஐ ஒருவர் 2014 என்று மாற்றிவிட்டால், "ஒரு வரியில் மாற்றம்" என்றுதான் அறிக்கை வரும். ஒரே எண்ணில் ஒரு வரலாறே பிழையாகிவிடும். வரிகளின் எண்ணிக்கை வேறு, பொருளின் கனம் வேறு.

முடிவுரை

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், ஆய்வுக்கூடங்களிலும் பலரோடு சேர்ந்து பணியாற்றப் போகிறோம். அங்கெல்லாம் இத்தகைய அறிக்கைகள் நம் மேசைக்கு வரும். அவற்றின் பேரில் ஒருவருக்குப் பாராட்டும் கிடைக்கலாம், ஒருவருக்கு வேலையும் போகலாம். இரண்டு படிகள் வேறுபடுகின்றன என்பதைக் கணிப்பொறி நொடியில் சொல்லிவிடும். ஏன் வேறுபடுகின்றன என்பதை அதனால் சொல்ல இயலாது; அதை விசாரித்து அறிய வேண்டியவர்கள் நாம். ஆகவே, அறிக்கையில் ஒருவர் பெயர் தெரிந்தால் அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விசாரணையின் முதல் வரியாகக் கொள்வோமாக!